குட்டையில் தவளை செத்து மிதந்தால்

நீலகிரிச் சரிவில் உள்ள பர்லியாரில் 1871-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணையைச் சுற்றி மங்குஸ்தான், ஜாதிக்காய், பலா என்று நிழலுக்குக் குறைவில்லை. அந்த நிழலில் ஒரு குட்டை வெட்டினால் தவளை தானாக வந்து சேரும். திடீரென்று நாலைந்து தவளைகள் மல்லாந்து மிதந்தால், தண்ணீரை இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடத்தான் கை பரபரக்கும். வேண்டாம். சாவுக்கான தடயம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பிழைத்திருக்கும் தலைப்பிரட்டையும் அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை, தவளையோடு வேறென்ன செத்தது என்று பார்ப்பது. மீன், நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை எல்லாம் ஒரே நாளில் போயிருந்தால் நோயைத் தேடி அலைய வேண்டாம், நஞ்சைச் சந்தேகியுங்கள். மேலே குன்னூர்ச் சரிவுகளில் மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். தாமிரம் தலைப்பிரட்டைக்கு ஆகவே ஆகாது. களைக்கொல்லியிலும் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருளே பல சமயம் மருந்தைவிட மோசம். அக்கம்பக்கத்தில் யார், என்றைக்கு, என்ன அடித்தார்கள் என்று சண்டைக்குப் போகாமல் விசாரியுங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டில் நிறையக் குட்டைத் தண்ணீர் பிடித்து, மூடி, தேதி எழுதிக் குளிரில் வையுங்கள். கரையோர இலையிலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளை நுரை இருந்தால் மட்டும் அதை ரசாயனம் என்று வழித்துப் போட்டுவிடாதீர்கள். மரத்தவளை முட்டையிட்டுக் கட்டிய கூடு அது. உள்ளேயிருந்து தலைப்பிரட்டைகள் நழுவி நீரில் விழும்.

அடுத்து, விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள். (பலா பழுக்கும் காலமென்றால் யானை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.) மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் தெளிந்துவிட்டால் நீரில் ஆக்சிஜன் குறைவு. ஐப்பசி மூட்டத்தில், அடியில் இலை அழுகும் குட்டையில் இது சாதாரணம். இலையை வலையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், சேற்றைக் கலக்காதீர்கள். ஆனால் வளர்ந்த தவளை நுரையீரலாலும் மூச்சு விடும். மீன் நன்றாக இருந்து பெரிய தவளை மட்டும் சாகிறதென்றால் ஆக்சிஜன்மீது பழிபோட முடியாது.

அப்போது உடலைப் பார்க்க வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொண்டு திருப்புங்கள். பல் பட்ட துளை இருந்தால் பூனையோ கீரியோ. புதுமழைக்குப் பின் தேரைக் கூட்டத்தில் ஆண்கள் மேலே மேலே பற்றி அழுத்தி, பெண் தேரை மூழ்கிச் சாவதும் உண்டு. தொடையும் வயிறும் ரத்தம் கட்டிச் சிவந்தோ, புண்ணாகி விரல்கள் உதிர்ந்தோ இருந்தால் ரானா வைரஸ் அல்லது பாக்டீரியா. இங்கிலாந்தில் 1980-களிலிருந்து வீட்டுத் தோட்டக் குட்டைகளில் தவளைகளைக் கொத்தாகக் கொன்றது இந்த வைரஸ்.

உயிரோடிருப்பதையும் கவனியுங்கள். பட்டப்பகலில் கரையில் உட்கார்ந்து, கிட்டப் போனாலும் தாவாமல், தோல் அளவுக்கு மீறி உரிந்து, மல்லாத்தினால் புரள முடியாமல் கிடந்தால் கைட்ரிட் பூஞ்சையாக இருக்கலாம். அது தோலைக் கெடுத்து, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடும். 17 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். மேட்டுப்பாளையத்து வெயிலைவிட பர்லியார் நிழல் அதற்கு ஒத்துவரும். உலகம் முழுக்க 501 இருவாழ்வி இனங்கள் இதனால் சரிந்தன என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது இருப்பதை 2011-இல் உறுதி செய்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் போலக் கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை. ஆகவே சோதனையில் பூஞ்சை தெரிந்தாலும் கொன்றது அதுதான் என்று உடனே முடிவு கட்டக் கூடாது.

உடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும். படம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனிப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் தாமதமானால் உறைய வையுங்கள். சமையலறை ஃபிரிட்ஜில் அல்ல. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வழியாக ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்தையோ அருகிவரும் உயிரினங்களுக்கான ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்தையோ கேட்டுவிட்டு அனுப்பலாம்.

காரணம் தெரியும்வரை இந்தக் குட்டையின் தண்ணீர், அல்லி, மீன் எதுவும் வேறெங்கும் போகக் கூடாது. வெளியிலிருந்து வாங்கிய அலங்கார மீனையும் இதில் விடாதீர்கள். நம் நாட்டில் வளர்த்த கோய் மீன்களிலேயே 2015-இல் ஒரு ரானா வைரஸ் தெரியவந்தது. பூட்ஸ், வலையின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, குட்டைக்கு எட்டாத இடத்தில் பிளீச்சிங் கரைசலில் நனைத்து, அலசி, நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். ஆய்வுக்குப் போகாத உடல்களைத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்து, குளோரின் போனபின் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

செத்த தவளைக்கு ஈடாக ஓடையிலிருந்து பிடித்துவந்து விடாதீர்கள். குட்டை சரியாகிவிட்டால் அவை தாமாகவே வரும்.