சம்மதம் யாரிடம் கேட்பது?



இந்தப் பாடம் 'சம்மதம்' என்ற சொல்லைப் பற்றியது. சின்னச் சொல்தான். ஆனால் அது கேட்கப்படாமல் போனதால் நம்ம சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். தோட்டத்து ஆட்கள் போட்ட வாக்கு அது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் பறிபோனது. வாக்குப் போடுவது என்றால் என்ன? நம்மை ஆள ஒருவருக்குச் சம்மதம் கொடுப்பது. அதைப் பிடுங்கிவிட்டால், பிறகு நம்மிடம் எதையும் கேட்க வேண்டிய தேவையே ஆட்சிக்கு இல்லை.

அப்படியே நடந்தது. 30.10.1964 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக, 75,000 என்று பங்கு போட்டார்கள். கொழுந்து நிறுப்பது போல! எந்த லயத்து வாசலிலும் வந்து, "நீங்க எங்கே இருக்க விரும்புறீங்க?" என்று யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பம் கோரியபோதுதான் சனத்தின் மனசு தெரிந்தது. இந்தியாவைக் கேட்டவர்கள் 525,000ஐ எட்டவில்லை. இலங்கையைக் கேட்டவர்களோ ஒதுக்கிய கணக்கைவிட மிக அதிகம். கணக்கை முதலில் எழுதி ஆளைப் பிறகு தேடினால் இப்படித்தான் ஆகும். கடைசியில் 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒப்பந்த நாளிலிருந்து இங்கேயே இருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்தது.

இதை எழுதுகிற சாம்பல்தீவு கடற்கரைப் பக்கத்து ஊர். இங்கே தேயிலை கிடையாது. ஆனாலும் 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறின. யாரும் கட்டி இழுத்து வரவில்லை, தாங்களாகவே வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். உயிருக்குப் பயந்து ஓடி வந்ததைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இனி வீட்டுக்குள் வருவோம். பொதுத் திருமணச் சட்டத்தில் 1995க்கு முன் பெண்ணுக்கு 12 வயது போதும் என்று இருந்தது. 1995 திருத்தம் இருவருக்கும் 18 ஆக்கியது. அம்மா அப்பா சரி சொன்னாலும் அதற்குக் குறைந்த வயதில் பதிவு செய்ய முடியாது. பதிவுப் புத்தகத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். மாமன் போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்துதான். புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா "வெக்கப்படுது, சம்மதந்தான்" என்கிறோமே, அது கேட்டதாகுமா? தனியாகக் கூப்பிட்டு, "வேணாம்" என்று சொன்னாலும் அடி விழாது என்று தெரிகிற விதத்தில் கேட்க வேணும்.

சங்கத்திலும் இதே கதைதான். சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கத் தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள். மலையில் ஏறிக் கொழுந்து பறித்தவள் ஒருத்தி, சம்பளத்தை வாங்கிப் போவது இன்னொருவர் என்ற பழக்கம் உங்கள் லயத்தில் உண்டா? உண்டென்றால், அவளிடம் கேட்டது யார், எப்போது?

இந்தக் கேள்வியை இந்த வாரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களை முதலில் பேச விடுங்கள்.