கதைப் பலகை: நாமே செய்வோம், நாமே கதை சொல்வோம்



குழுக் கூட்டம் நடக்கும்போது நம்ம பிள்ளைங்க என்ன செய்யறாங்க? ஒன்று மடியில் படுத்து அழும். இன்னொன்று செல்போன் கேட்டு அடம் பிடிக்கும். சேமிப்பு, கடன் தவணை என்று கணக்குப் பார்க்கிற அவசரத்தில் நாமும் போனைக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் குழுவிலும் இதுதான் நடந்தது.

2 முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது, அதைவிடக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சரி, போனை வாங்கி வைத்துவிட்டால் பிள்ளை கையில் வேறு எதைக் கொடுப்பது?

கதை சொல்லலாம் என்று பேசினோம். உடனே எங்களில் ஒரு அக்கா, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, நான் எங்க கதை சொல்றது?" என்றார். இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். இந்தப் பாடம் அவர்களுக்காகத்தான். எழுத்தே தேவைப்படாத ஒரு பலகை இது.

பலகையில் படம் எப்படி ஒட்டும்?

ஆசிரியர் பயிற்சியில் இதைப் பிளானல் போர்டு என்பார்கள். வரப்பில் நடந்து வந்தால் நாயுருவி விதை சேலையில் பிடித்துக்கொண்டு வருமே, அதே சங்கதிதான். பலகைமேல் பஞ்சு எழும்பிய துணி இருக்கும். படத்தின் முதுகில் சொரசொரப்பான உப்புத்தாள் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்து எடுத்து வைக்கலாம்.

தேவையான பொருட்கள்

1. மளிகைக் கடை அட்டைப்பெட்டி - 2
2. பிளானல் துணி அல்லது பிளீஸ் துணி - 1 மீட்டர், கரும்பச்சை அல்லது நீல நிறம்
3. உப்புத்தாள் - 2
4. மைதா பசை, சின்ன டப்பா பெவிகால்
5. பழைய காலண்டர், வாரப் பத்திரிகைப் படங்கள், கல்யாணப் பத்திரிகை உறைகள்

நாங்கள் இருப்பது திருப்பூர் பக்கம். பனிக்காலச் சட்டை தைக்கிற பிளீஸ் துணி இங்கே வெட்டுத்துணியாக எடை போட்டுக் கிடைக்கிறது. எங்களுக்குத் துணி 60 ரூபாய், உப்புத்தாள் 30, பெவிகால் 20, ஆக மொத்தம் 110 ரூபாய் ஆனது. தீர்மானம் எழுதித்தான் செலவு செய்தோம். உங்கள் ஊரில் பிளீஸ் கிடைக்காவிட்டால் பழைய கம்பளிப் போர்வையின் கிழியாத பாகம் போதும்.

துணி வாங்கும் முன் ஒரு சோதனை: உப்புத்தாள் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்த் துணிமேல் வைத்துப் பாருங்கள். துணியைச் செங்குத்தாகப் பிடித்தாலும் துண்டு விழாமல் நின்றால் அந்தத் துணி ஆகும்.

செய்முறை

1. அட்டையை இரண்டரை அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலத்தில் இரண்டாக வெட்டுங்கள். அட்டைக்குள் வரிவரியாக ஓடும் மடிப்பைப் பாருங்கள். ஒன்றில் வரி நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் இருக்கும்படி ஒட்டினால் பலகை வளையாது.
2. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் பசை தயார். சுவரொட்டிப் பசையில் போடுவதுபோல மயில்துத்தம் போடாதீர்கள். அது விஷம். பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருளில் அது வேண்டவே வேண்டாம்.
3. ஒட்டிய அட்டைமேல் அம்மிக்கல்லையோ அரிசி மூட்டையையோ வைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும்.
4. பஞ்சுப் பக்கம் வெளியே தெரியும்படி துணியை விரித்து, நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பின்னால் மடித்து ஒட்டுங்கள்.
5. படங்களை வெட்டி, கல்யாணப் பத்திரிகை உறைமேல் ஒட்டுங்கள். சாமி படம் போட்ட அட்டையை வெட்ட மனசு வராது, அதனால்தான் உறை. பின்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே இருக்கும்படி பெவிகால் வைத்து ஒட்டுங்கள்.

நாங்கள் செய்த தவறுகள்

காசு மிச்சம் என்று முதலில் பழைய பாலியஸ்டர் சேலையைப் போர்த்தினோம். பாட்டியும் காகமும் சரசரவென்று வழுக்கி விழ, பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை துணியின் அடி முழுக்கப் பசை தடவினோம். பசை ஊறிப் பஞ்சு விறைத்துப்போனது. அதனால்தான் சொல்கிறோம், பசை பின்பக்க மடிப்பில் மட்டும்.

பலகையை நேராக நிறுத்தாமல், மேல்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்படி சுவரில் வையுங்கள்.

கதை சொல்லும் முறை

பாட்டி வடை சுட்ட கதை தெரியாதவர் யார்? பாட்டி, அடுப்பு, வடை, காகம், மரம், நரி என்று ஆறு படம் போதும். எல்லாவற்றையும் முதலிலேயே வைத்துவிடாதீர்கள். கதையில் வரும்போது ஒவ்வொன்றாக வையுங்கள். "அப்புறம் யார் வந்தா?" என்று கேட்டு நிறுத்துங்கள். பதில் வரக் கொஞ்சம் பொறுங்கள். இரண்டாம் தடவை படங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். காகத்தை வைத்திருக்கும் பிள்ளை காகம் வரும் நேரத்துக்காகக் காது கொடுத்துக் கேட்கும்.

எங்கள் முதல் கதையைச் சொன்னது யார் தெரியுமா? "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்ற அதே அக்காதான். காகம்போல் கத்தி, நரிபோல் குழைந்து, பத்துப் பிள்ளைகளையும் அசையாமல் உட்கார வைத்துவிட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு நாலு வயசுப் பெண் குழந்தை கடைசியில் எழுந்து வந்தது. நரிகிட்ட இருந்த வடையை எடுத்துப் பாட்டி பக்கத்தில் வைத்தது. "பாட்டிக்குப் பசிக்கும்ல?" என்றது. அந்தப் பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதையை மாற்றிவிட்டதே என்று யாரும் திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள். பிள்ளை யோசிக்கிறது, யோசித்ததைப் பேசுகிறது. நாம் பலகை செய்ததே அதற்குத்தானே?

கவனம்

படம் உள்ளங்கை அளவுக்குக் குறையக் கூடாது. சின்னதாக இருந்தால் பிள்ளை விழுங்கிவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் வேண்டாம். உப்புத்தாள் பெயர்ந்தால் உடனே திரும்ப ஒட்டுங்கள். கதை முடிந்ததும் படங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு, பலகையைத் துணி சுற்றி வையுங்கள்.

இதே பலகையில் காய்கறி, ஆடு மாடு, 1 முதல் 10 வரை எண்கள் எல்லாம் சொல்லித்தரலாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியும் ஒரு பகுதி. ஆகவே இரண்டாவது பலகை ஒன்று செய்து உங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் பாட்டி சொன்ன கதைகளில் எது இன்னும் நினைவில் இருக்கிறது? அதற்கு என்னென்ன படம் வேண்டும்?
2. துணி, அட்டை, படம் யார் யார் கொண்டு வருவது?
3. கூட்டம் நடக்கும்போது கதை சொல்லும் முறை யாருக்கு? மாதம் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாமா?

நமக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போயிருக்கலாம். கதை கிடைத்தது. அதை நம்ம பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.