நோயாளிக்குத் தனிச் சமையல் தேவையா?

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் உள்நோயாளிப் பிரிவில் படுக்கையருகே உள்ள சிறு அலமாரிகள் நிறையத் தொடங்கும். ரொட்டிப் பொட்டலம், ரஸ்க், கிரீம் பிஸ்கட், ஊட்டச்சத்துப் பான மாவு, குளுக்கோஸ் பெட்டி ஆகியவை வரிசையாக வந்து சேரும். நோயுற்றவரைப் பார்க்க வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம் மக்களின் நற்பண்பு. அதைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் சர்க்கரை நோயால் காலில் புண் கண்டவரின் அலமாரியிலும், மாரடைப்புக்குப் பின் தேறிவருபவரின் அலமாரியிலும், இரத்தசோகையுள்ள கர்ப்பிணியின் அலமாரியிலும் அதே ஐந்து பொருள்களையே காண்கிறோம். சத்தான உணவு என்றால் உறையிட்டுக் கடையில் விற்கப்படுவது என்னும் எண்ணம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதற்கு இந்த அலமாரிகளே சான்று.

ஆத்தூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது சற்று விந்தையான நிலை. காமராசர் நீர்த்தேக்கத்தின் அருகே வாழ்கிறோம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும் ஆயக்குடிக் கொய்யாவும் சிறுமலை வாழையும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. முழு உணவு எனப்படுவதைத் தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. விளைந்த வடிவிலிருந்து அதிகம் விலகாமல், வீட்டு அடுப்பில் சமைத்து உண்ணப்படும் தானியம், பயறு, காய், கீரை, பழம், கடலை, முட்டை, மீன், பால், மோர் ஆகியவையே முழு உணவு.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டியுள்ளது. பதப்படுத்துதல் என்றாலே தீது என்று சிலர் நம்புகின்றனர். அது உண்மையன்று. நம் வீட்டுப் புழுங்கலரிசியும் பதப்படுத்தப்பட்டதே. அதன் வரலாறு மருத்துவர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. அதைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

1890-களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வளர்த்த ஆய்வுக்கூடக் கோழிகளும் ஒருநாள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களில் அவை தாமாகவே குணமடைந்தன. காரணத்தை விசாரித்தபோது உண்மை சமையலறையிலிருந்து வெளிவந்தது. இராணுவ மருத்துவமனையில் எஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தாருக்குரிய அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். மலிவான, தவிடு நீக்காத அரிசிக்கு மாறிய கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் இருந்த பொருளே பின்னர் தயமின் என்னும் பி1 வைட்டமின் என அறியப்பட்டது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசில் அந்தச் சமையற்காரருக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

அதே நோய் அன்றைய சென்னை மாகாணத்திலும் இருந்தது. ஆனால் அது எல்லா மாவட்டங்களையும் ஒரேயளவில் தாக்கவில்லை. இன்றைய ஆந்திரக் கடலோரமாகிய வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது; தமிழ் மாவட்டங்களிலோ அவ்வாறில்லை. இரு பகுதி மக்களும் அரிசியையே உண்டனர். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசனும், அவருக்குப் பின் 1935 முதல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் தலைமையேற்ற ஊட்டச்சத்து ஆய்வகம் இப்புதிரை ஆராய்ந்தது. வடசர்க்காரில் ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழ் மாவட்டங்களில் புழுங்கலரிசி. வேறுபாடு அதுவே.

நெல்லை உமியுடன் ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டுப் படலத்தில் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் சென்று தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. பெயரறியா நம் முன்னோர் நெல் அவித்த பானை பல்லாயிரம் பேரைக் காத்திருக்கிறது. ஆகவே ஓர் உணவு பதப்படுத்தப்பட்டதா என்று கேட்பது போதாது. அந்தச் செயல் சத்தை உள்ளே செலுத்தியதா, உரித்து எடுத்ததா, அல்லது சத்தில்லாத எதையேனும் கூடுதலாகச் சேர்த்ததா என்று கேட்க வேண்டும். ஊறவைத்தல், முளைகட்டுதல், இட்லி மாவைப் புளிக்கவைத்தல், பாலைத் தயிராக்குதல் ஆகியவை முதல் வகை. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி மைதாவாக்குவது இரண்டாம் வகை. அந்த மைதாவுடன் சர்க்கரை, பாமாயில், உப்பு, செயற்கை மணம், நிறம் ஆகியவற்றைக் கூட்டிப் பளபளக்கும் உறையில் அடைப்பது மூன்றாம் வகை.

இம்மூன்றாம் வகையைப் பற்றி 2019-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் முழு உணவும் அளித்தனர். பரிமாறப்பட்ட இரு வகை உணவிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை ஏறத்தாழச் சமம். விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவு உண்ட நாள்களில் அவர்கள் தம்மை அறியாமலே நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரண்டே வாரத்தில் 0.9 கிலோ எடை கூடினர். முழு உணவு உண்டபோது ஏறத்தாழ அதே அளவு எடை குறைந்தது. "என் மகனுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று எங்களிடம் வருந்தும் தாய்மார்கள் இதனை அறிய வேண்டும். குற்றம் முழுவதும் மகனுடையதன்று.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நாங்கள், வீடு திரும்பும் நோயாளியின் கையில் ஓர் உணவுத்தாளைக் கொடுத்து அனுப்பிவந்தோம். தவிர்க்க வேண்டியவை இடப்பக்கம். உண்ண வேண்டியவை வலப்பக்கம். வீட்டில் சமைப்பவர் யார் என்று கேட்டதில்லை. பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். தந்தைக்கு மட்டும் தனியே உப்பில்லாக் குழம்பும் கோதுமைக் கஞ்சியும். மற்றவர்களுக்கு வழக்கமான சோறு, அப்பளம், இரவில் பரோட்டா. மூன்று வாரம் ஓடும். நான்காம் வாரம் சமைப்பவர் களைத்துவிடுவார். உண்பவர் தனித்து விடப்பட்டவராக உணர்வார். சில மாதங்களில் சர்க்கரை அளவு முன்னிருந்த இடத்துக்கே திரும்பிவிடும். அப்போது நாங்கள் மாத்திரையைக் கூட்டுவோம்.

அதே வீட்டில் அவருடைய மகனும் மகளும் இருக்கின்றனர் என்பதையும் மறந்துவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக அது மதிப்பிட்டது. பெற்றோருக்கு நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். தந்தைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் உணவு பிள்ளைகளுக்கும் உரியதே. தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுச் சமையல் முழுவதும் ஒருசேரச் சிறிது மாறினால் போதும்.

எங்கே தொடங்குவது? மாதாந்திர மளிகைச் சீட்டில் தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குவது அதுவே. அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பயறு பருப்பு 85 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று கூறுகிறது. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு இதைக் கணக்கிட்டால், மாதத்துக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 30 கிலோ; பருப்பும் பயறும் 10 கிலோ; எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர்; காய்கறி நாளொன்றுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கு மிகாமல் என்றால், ஒரு கிலோப் பொட்டலம் 50 நாள் வர வேண்டும்.

உங்கள் சீட்டை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அரிசியும் எண்ணெயும் உப்பும் கூடியிருக்கும். பருப்பு பாதிகூட இராது. முட்டை, மீன், இறைச்சி உண்போர் பருப்பில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். சீட்டில் உள்ள பிஸ்கட், நூடுல்ஸ், பான மாவு ஆகியவற்றின் தொகையைத் தனியே கூட்டி, அத்தொகைக்கு எவ்வளவு கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் முட்டையும் வாங்கலாம் என்று கணக்கிடுங்கள். "நல்ல சாப்பாடு வசதியுள்ளவர்களுக்குத்தானே, டாக்டர்?" என்னும் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அரிசியை ஒரேயடியாக விலக்கச் சொல்லவில்லை. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலையும் கெட்டிச் சாம்பாரையும் வையுங்கள். வாரத்தில் மூன்று வேளை கம்பு அல்லது சோளம் அல்லது கேழ்வரகு. கம்பிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 3 கிராமே. ஆனால் கேழ்வரகை மாவாக அரைத்து நீர்க்கக் கரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும். உடைத்த கம்பஞ்சோறு மெதுவாகவே செரிக்கும். சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்ணலாகாது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவையே. இதைச் சொன்னால் பலர் எங்கள்மீது வருத்தம் கொள்கின்றனர்; இருப்பினும் சொல்லியாக வேண்டும்.

நியாயவிலைக் கடை அரிசியில் சற்று மாறுபட்ட நிறத்தில் காணப்படும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று எண்ணிப் பொறுக்கி எறிபவர்கள் இன்னும் உள்ளனர். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்த்து அரிசி மாவிலேயே செய்யப்பட்ட செறிவூட்டிய மணிகள். இதுவும் ஆலையில் பதப்படுத்தியதே. ஆயினும் சத்தைச் சேர்ப்பது. எறிய வேண்டா.

உறையிட்ட பொருளை வாங்கத்தான் வேண்டுமெனில் முன்பக்கத்துப் படத்தைப் பாராது பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுந்தது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். சத்து மாவு எனப்படுவதில் முதல் மூன்று இடங்களுக்குள் சர்க்கரை இருந்தால் அதன் தன்மை விளங்கிவிடும். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்னும் பிரிவில் வைத்து விற்கலாகாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

முழு உணவைச் சமைப்பதற்கு நேரம் வேண்டும். கீரை ஆய்வதும் பயறு ஊறவைப்பதும் மாவு அரைப்பதும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. அவர் காலையில் நூற்பாலைக்கோ தோட்ட வேலைக்கோ செல்பவராகவும் இருப்பார். நாங்கள் ஒரு வரியில் எழுதும் அறிவுரை அவருக்கு இரண்டு மணி நேர வேலை. ஆகவே இதனை மருத்துவ ஆலோசனையாகவே கூறுகிறோம்: இரவில் தொலைக்காட்சிக்கு முன் அமரும்போது கீரைக்கட்டை நடுவில் வைத்து எல்லோரும் ஆயுங்கள். சுண்டலுக்குக் கடலை ஊறவைப்பது பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். காய் நறுக்குவதால் எந்த ஆணுக்கும் இரத்த அழுத்தம் ஏறியதாக நாங்கள் கண்டதில்லை.

சிலர் மட்டும் எங்களைக் கேளாமல் உணவை மாற்றலாகாது. இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் திடீரெனச் சோற்றைப் பாதியாகக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், முழுத் தானியம், பயறு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் கேடு விளைவிக்கக்கூடும். தென்னை மிகுந்த நம் பகுதியில் இளநீர் அன்புடன் தரப்படுவதால் இதனை அழுத்திக் கூறுகிறோம். சோடியம் குறைத்த உப்பு என விற்கப்படுவதிலும் பொட்டாசியமே உள்ளது. வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு நார்ச்சத்தை எப்போது தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரே கூறுவார்.

திருவிழா நாளில் பலகாரமும், எப்போதேனும் சீரகச்சம்பாப் பிரியாணியும் உண்பதை நாங்கள் தடுக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதைத் தடுப்பது நடவாத செயல் என்பதையும் அறிவோம். அன்றாடம் எது இலையில் விழுகிறது என்பதே எங்கள் கவலை.

உறவினரைப் பார்க்க வரும்போது ஒரு சம்படத்தில் வேகவைத்த சுண்டலோ நான்கு கொய்யாவோ உப்புக் குறைத்த மோரோ கொண்டு வாருங்கள். அவருக்கு அது ஏற்றதா என்று பணியிலுள்ள செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். கடந்த மாத மளிகைச் சீட்டையும் எடுத்து வந்தால், ஆய்வக அறிக்கையுடன் அதையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.