வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டி: அளவைத் தெரிவு செய்தல்

வீட்டில் அழகு மீன் வளர்க்கும் கமக்காரருட் சிலர் கடல்மீன்களையும் வளர்க்க விரும்புவர். அன்னோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது தொட்டியின் அளவாகும். தொட்டி மிகச் சிறிதாயின் மீன்கள் மடியும். தேவைக்கு மிஞ்சிப் பெரிதாயின் அதிலிருந்து கழிக்கும் உவர்நீர் பயிர்நிலத்தைக் கெடுக்கும்.

1. கொள்ளளவு

தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் நீரின் அளவு இலீற்றரிற் கிடைக்கும். நீளம் 60, அகலம் 30, நீராழம் 25 ஆயின் 45 இலீற்றர். 90, 45, 40 ஆயின் 162 இலீற்றர்.

2. சிறு தொட்டியின் குறை

கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே எஞ்சுகின்றது. நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், மேற்கூறிய சிறு தொட்டியில் அவ்வளவு 36.5 கிராமாகவும், பெரியதில் 35.9 கிராமாகவும் உயரும். இவ்வாறு குறையும் நீரை நன்னீராலேயே ஈடு செய்தல் வேண்டும், கடல்நீரை ஊற்றலாகாது. மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவும் சிறிதளவு நீரில் விரைவாகச் செறிந்து மீனைக் கொல்லும். ஆதலால், புதிதாகத் தொடங்குவோருக்கு 160 இலீற்றர் அளவான தொட்டியே ஏற்றது. மேற்பரப்பின் வழியே ஒட்சிசன் நீரிற் கலப்பதால், உயர்ந்த தொட்டியிலும் அகன்ற தொட்டி சிறந்தது.

3. பாரம்

162 இலீற்றர் கடல்நீர் மட்டும் ஏறக்குறைய 166 கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றின் நிறையும் இதனுடன் சேரும். எனவே தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும்.

4. கழிநீர்

இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றின், ஒவ்வொரு முறையும் 16 இலீற்றர் கழிநீருடன் 560 கிராம் உப்பு வெளியேறும். ஓராண்டில் இது 14 கிலோகிராமுக்கு மேலாகும். இந்நீரைத் தோட்டத்தில் ஊற்றிவந்தால் மண் உவராகும். போஞ்சியும் இளம் நெல் நாற்றும் உவரை எளிதிற் தாங்கா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை வெடிப்புகளினூடே இந்நீர் கிணற்றையும் அடையக்கூடும். பயிர்நிலம், வாய்க்கால், கிணறு ஆகியவற்றிற்கு அப்பால் இதனை அகற்ற வழியுண்டா என்பதைத் தொட்டி வாங்குமுன்னரே ஆராய்தல் வேண்டும்.

அவ்வழி இல்லாதோர் நன்னீர் மீன்தொட்டியுடன் அமைவதே நன்று. உப்போ மருந்தோ இடப்படாத அதன் கழிநீரைக் காய்கறிப் பாத்திகளுக்குப் பாய்ச்சலாம். அது பயிருக்கு உரமுமாகும்.