புளி போட்டுத் தேய்த்த அம்மன் காசு

அது புதுக்கோட்டை அம்மன் காசு என்று எனக்குத் தெரிந்ததே, அதைக் கெடுத்த பிறகுதான்.

செங்கல்பட்டில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்றவரிடம் ஒரு கைப்பிடிச் செப்புக்காசு வாங்கினேன். "எல்லாம் ராஜா காலத்துக் காசு சார்" என்றார். எந்த ராஜா என்று கேட்டால் சிரித்தார். பொத்தேரி வீட்டுக்கு வந்ததும் குத்துவிளக்குத் தேய்க்கிற புளியால் ஒன்றைத் தேய்த்தேன். காசு புதுச் செம்பாக மின்னியது. உட்கார்ந்திருந்த உருவத்துக்கு முகம் போய்விட்டது. அந்தக் கறுப்புப் படலம்தான் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டும். இப்போதெல்லாம் டிஸ்டில்டு வாட்டரில் சில நாள் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெம்பி எடுக்கிறேன்.

அம்மன் காசின் முன்பக்கம் இருப்பவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம். பின்பக்கம் தெலுங்கில் 'விஜய'. அந்தக் காலத்தில் அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரிசியோடு இதையும் வைத்துக் கொடுத்தார்கள்.

சுத்தியலால் அடித்த காசில் முழு எழுத்தைத் தேடக் கூடாது. அச்சு பெரிது, செப்புத் துண்டு சிறிது. ஒன்றில் 'வி' மட்டும் விழுந்திருக்கும், இன்னொன்றில் 'ய' பாதி. ஒரே ரகத்தில் ஐந்தாறு காசு சேர்ந்ததும் டிரேசிங் பேப்பரில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவேன். மெல்ல முழு அச்சும் வந்துவிடும். செல்போன் டார்ச்சைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரத்தில் அடித்த அம்மன் காசுகளும் வந்தன. அவை ஒழுங்கான வட்டம், படமும் முழுசாக இருக்கும். சந்தேகம் வந்தால் மின்ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போய்விடுவேன். கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

யானை போட்ட காசு எதுவானாலும் திப்பு காசு என்றுதான் விற்பார்கள். 1799இல் திப்பு இறந்த பிறகு மைசூர் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் யானையைத்தான் போட்டார். நான் யானையை விட்டுவிட்டு அதற்கு மேலே பார்ப்பேன். சூரியனும் சந்திரனுமோ, கன்னட 'ஸ்ரீ'யோ இருந்தால் உடையார். திப்புவின் பிற்காலக் காசுகளில் ஆண்டு இலக்கத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

போன மாதம் மாமல்லபுரத்தில் சங்கு விற்கும் கடையொன்றில் மூன்று யானைக் காசு காட்டினார்கள். மூன்றிலும் தும்பிக்கைக்கு நேரே, விளிம்பில், ஒரே நீளத்துக்கு ஒரே விரிசல். "ஒரே அச்சு சார், அதான்" என்றார் கடைக்காரர். ஒரே அச்சில் அடித்தால் படம் ஒன்றாக இருக்கலாம். விரிசல் அச்சிலிருந்து வருவதில்லை, அடி தாங்காமல் செம்பு பிளப்பது. மூன்று துண்டும் ஒரே இடத்தில் பிளக்காது. ஒரு அசல் காசிலிருந்து வார்ப்பு எடுத்திருக்கிறார்கள். ஒரு வலம்புரி மாதிரி சங்கை மட்டும் விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.