பிக்அப் வண்டியின் டைமிங் செயினை வீட்டிலேயே மாற்றுதல்

உழவியல் கற்பிப்பவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று சில வாசகர்கள் நினைக்கலாம். கீரையும் கத்தரியும் வெண்டையும் பறித்த அன்றே விற்றாக வேண்டிய பொருள்கள். கேளம்பாக்கத்திலோ தையூரிலோ திருப்போரூரிலோ பயிரிட்டு, விடியுமுன் கோயம்பேடு சேர வேண்டிய விவசாயிக்கு, வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய அறுவடை முழுவதும் நட்டம். எனவே பம்புசெட்டைக் கவனிப்பது போலவே வண்டியின் எஞ்சினையும் கவனித்தல் அவசியம். இக்கட்டுரையில் அதன் டைமிங் செயினைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

செயினின் வேலை

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும். கிராங்க் ஷாப்டின் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால் கேம் ஷாப்டின் சக்கரத்தில் 40 பற்கள் இருக்கும். இவ்விரண்டையும் இணைப்பதே டைமிங் செயின். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் மேற்சொன்ன கணக்கில் 18 பாகை பிசகிவிடும். பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்திருந்தால் இரண்டும் மோதி வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். ஒரு செயினோடு முடியவேண்டிய செலவு அப்போது எஞ்சினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

இவ்வகைப் புஷ் ரோலர் செயினை 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கினார். நம் நாட்டு அம்பாசடர் காரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் இரட்டை வரிசைச் செயின் இருந்தது. இன்று சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், கோவையில் எல்.ஜி.பி. ஆகிய நிறுவனங்கள் வாகனச் செயின்களைத் தயாரித்து வருகின்றன. ஆனால் எல்லா வண்டியிலும் செயின் இருப்பதில்லை. சிலவற்றில் ரப்பர் பெல்ட்டும், சிலவற்றில் நம் பம்புசெட் எஞ்சினில் உள்ளது போலப் பல்சக்கரங்களும் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை அதன் பணிமனைக் கையேட்டைப் பார்த்து முதலில் உறுதி செய்து கொள்ளுங்கள்.

தேய்ந்ததை அறிவது எப்படி?

"செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக்குகள் கூறுவர. உண்மையில் இரும்பு நீள்வதில்லை; கண்ணிகளின் ஊசியும் புஷ்ஷும் தேய்கின்றன. 60 கண்ணிகள் கொண்ட செயினில் கண்ணிக்கு 0.05 மி.மீ. தேய்ந்தாலும் மொத்தம் 3 மி.மீ. நீளம் கூடிவிடும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று பெரும்பாலான செயின்களுக்குக் கெடு கிடையாது. எஞ்சின் ஆயிலைக் காலத்தில் மாற்றாததும், ஆயில் மட்டம் குறைந்த நிலையில் ஓட்டுவதுமே செயினைச் சீக்கிரம் தேய்க்கின்றன.

அதிகாலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் முன்புறத்தில் சலசலவென்று ஓசை கேட்டுச் சில விநாடிகளில் அடங்கினால், டென்ஷனருக்கு ஆயில் வந்து சேரத் தாமதமாகிறது என்று பொருள். சூடான பின்னும் ஓசை நீடித்தாலும், இழுவை குறைந்தாலும், கிளம்புவதற்கு அடம்பிடித்தாலும் செயினைச் சந்தேகிக்க வேண்டும். எனினும் வாட்டர் பம்பு, ஆல்டர்னேட்டர் பேரிங்குகளும் இதே போல் ஒலிக்கும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் குற்றம் செயினில் இல்லை.

யார் செய்யலாம்?

பம்புசெட் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய அனுபவமும், டார்க் ரெஞ்சும், அந்த வண்டியின் கையேடும் உள்ளவர் பழைய வகை எஞ்சின்களில் இவ்வேலையைச் செய்யலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளை வீட்டில் தொடவேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றில் சென்சார்களும், ஷாப்டுகளைப் பூட்டி நிறுத்தும் தனிக் கருவிகளும் குறுக்கிடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியையும் பணிமனைக்கே அனுப்புங்கள்.

நம் கடற்கரைப் பகுதிக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது மணல். ஜாக்கியை வெறும் மணல் தரையில் ஊன்றினால் சாயும். அடியில் தடித்த பலகையை இட்டு, வண்டியை ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தவேண்டும். கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்துவிடும். திறந்த எஞ்சினுக்குள் அது மணலைக் கொண்டு சேர்க்கும். ஆகவே காலையிலேயே தொடங்கி, திறந்த பாகங்களைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். இரண்டாவது உப்பு. உப்பளங்களை ஒட்டிய ஊர்களில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிட்டால் தலை முறியாமல் கழலும்.

கழற்றுதல்

பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் நீரையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் எஞ்சினில் குளோ பிளக்குகளையும் எடுத்துவிட்டால் கையால் சுற்றுவது எளிது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்த வீச்சில் உச்சிக்கு வரும் வரை எஞ்சினை ஓடும் திசையில் சுற்றுங்கள். அந்நிலையில் அந்தச் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கும். கிராங்க் புல்லியின் குறியும் சுட்டியும் நேராக நிற்கும்.

புல்லியின் நடு போல்ட் மிகவும் இறுகியிருக்கும். கியரில் போட்டு உதவியாளர் ஒருவர் பிரேக்கை மிதித்துக் கொள்ள, நீண்ட கைப்பிடி ஸ்பேனரால் தளர்த்துங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுத் தளர்த்தும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது கையை முறித்துவிடும். போல்ட் தளர்ந்ததும் மீண்டும் நியூட்ரலில் போட்டு, குறி விலகியிருந்தால் சரிசெய்து கொள்ளுங்கள்.

டைமிங் கவரைத் திறந்ததும் உடனே செயினை எடுத்துவிடாதீர்கள். சக்கரங்களில் உள்ள புள்ளிகளைத் துடைத்துப் பார்த்து, அவை நிற்கும் நிலையைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். சில டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்ஷன் பம்பையும் அதே செயின் சுற்றும். அங்கே மூன்று குறிகளைக் கவனிக்க வேண்டும். டென்ஷனரை எடுத்த பின், செயின் இல்லாத நிலையில் எந்த ஷாப்டையும் தனியாகச் சுற்றலாகாது.

பூட்டுதல்

புதிய செயினைப் பழைய செயினோடு தொங்கவிட்டு ஒப்பிட்டால் தேய்மானம் கண்ணுக்கே தெரியும். செயினை மட்டும் மாற்றிப் பழைய பல்சக்கரங்களை விட்டுவைப்பது வீண் சிக்கனம். கொக்கிபோல் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் தின்றுவிடும். சக்கரங்கள், வழிகாட்டிப் பட்டைகள், டென்ஷனர், ஆயில் சீல், கேஸ்கட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினுக்கு ஆயில் தடவி, குறிகள் பொருந்துமாறு மாட்டி, முதலில் செயினின் இழுபக்கம் தொய்வில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டென்ஷனரைப் பூட்டியதும் அதன் தடுப்பு ஊசியை உருவ மறக்கக்கூடாது.

இப்போது கிராங்க் ஷாப்டை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். வேலை முழுவதிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். பிஸ்டன் வால்வைத் தொடுகிறது. தடையின்றிச் சுற்றி, சக்கரக் குறிகள் மீண்டும் நேரானால் வேலை சரி. செயினில் உள்ள வண்ணக் கண்ணிகள் மறுபடி அதே இடத்திற்கு வராமல் இருக்கலாம், அதனால் பழுதில்லை. சக்கரக் குறிகளே கணக்கு.

கவரின் அடிப்பகுதி ஆயில் சம்ப்போடு சேரும் மூலைகளில்தான் பின்னர் ஆயில் கசியும். அங்கே பழைய கேஸ்கட்டை முழுவதும் சுரண்டி எடுத்துப் பூசுங்கள். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள். ரேடியேட்டருக்கு நம் பகுதிக் கிணற்று நீர் ஆகாது. பயிருக்கே ஒவ்வாத உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

புது ஆயிலும் ஃபில்டரும் இட்டு பாட்டரியை இணைத்த பின், டீசலை நிறுத்தி வைத்தோ, பெட்ரோல் எஞ்சினில் இக்னிஷன் காயில் இணைப்பை எடுத்துவிட்டோ, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகே எஞ்சினைக் கிளப்பலாம். முதல் சில விநாடிகள் ஓசை வருவது இயல்பு. சந்தைக்கு ஏற்றிச் செல்லுமுன் வெறும் வண்டியாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, கசிவைப் பாருங்கள்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டவேண்டாம். மணற்பாங்கான நிலத்தில் அது கிணற்றுக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.