சொறி ஆறிய பிறகு முகம் வீங்கினால்

"புள்ளைக்கு மூஞ்சி பூசினாப்ல இருக்கு, ஒடம்பு தேறிட்டான்" என்று ஒரு தாய் சந்தோஷமாகச் சொன்னார். ஏழு வயதுப் பையன். பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் டிஸ்பென்சரி வாசலில் நின்று சொன்ன பேச்சு. நானும் சிரித்துத் தலையாட்டினேன். மூன்றாம் நாள் பாட்டி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஐயா, ஒண்ணுக்குப் போனா சாயத் தண்ணி மாதிரி போகுது. அதுவும் கொஞ்சமாத்தான்."

இரத்த அழுத்தம் பார்த்தேன். அந்த வயதுக்கு மிக அதிகம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்முன் ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு மாசத்துக்குள்ள இவனுக்குச் சிரங்கு வந்துச்சா?" பாட்டி வியந்து போனார். "காலெல்லாம் வந்துச்சுங்க. இப்ப ஆறிப்போச்சே!"

தாய்மாரே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம் இரண்டு சிறுநீரகங்களிலும் (ஆட்டில் இதைத்தான் குண்டிக்காய் என்கிறோம்) ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் மிக நுண்ணிய சல்லடைகள் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலன்கோளம் என்று போட்டிருக்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு இந்தச் சல்லடைகள் வழியே 180 லீற்றர் அளவு நீர் வடிகிறது. அதில் பெரும்பங்கு இரத்தத்துக்கே திரும்பிப் போய், ஒன்றரை லீற்றர் போலத்தான் சிறுநீராக வெளியேறும்.

சொறிப் பூச்சி அரித்து, பிள்ளை சொறிந்து, அந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா புகுந்தால் சீழ் வைத்த சிரங்காகிறது. தொண்டை நோவாகவும் இதே பக்டீரியா வரும். உடம்பு சும்மா இருக்காது. அந்தக் கிருமிக்கென்றே பிறபொருளெதிரி என்ற பொருளைச் செய்து இரத்தத்தில் விடும். இது நம் காவல்காரன். கிருமியின் துணுக்குகளை அது கட்டிப் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாக அந்தக் கட்டுகளை உடம்பு அப்புறப்படுத்திவிடும். இந்தக் கிருமியின் சில வகைகளில் மட்டும் அவை சிறுநீரகச் சல்லடையில் போய்ப் படிந்துவிடுகின்றன. கிருமியின் சில துணுக்குகள் முதலில் அங்கே ஒட்டிக்கொள்ள, பிறபொருளெதிரி தேடிப் போய்ப் பிடிப்பதும் உண்டு. எப்படியானாலும் இரத்தத்திலுள்ள வேறு சில புரதங்களும் வெள்ளை அணுக்களும் அங்கே ஓடிவந்து தாக்கத் தொடங்கும். கள்ளன் ஓடிப்போன பிறகு வாச்சர் நம் வீட்டுக் கதவை உடைக்கிற கதைதான்.

சல்லடை வீங்கிக் கிழிகிறது. இரத்த அணுக்கள் கசிந்து சிறுநீர் சாயத் தண்ணி நிறமாகிறது. உப்பும் நீரும் வெளியேற முடியாமல் உடம்பில் தேங்கி, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், இரத்த அழுத்தம், தலைவலி என்று வரும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். காவல்காரனைத் தயார் செய்ய நாள் பிடிப்பதால்தான் நோய் தாமதித்து வருகிறது: தொண்டை நோவுக்குப் பிறகு ஒன்று, இரண்டு வாரம், தோல் புண்ணுக்குப் பிறகு மூன்று முதல் ஆறு வாரம். அதற்குள் புண் ஆறி, நாமும் மறந்துவிடுகிறோம். 1971இல் டிரினிடாட் தீவில் இந்த நோய் பரவியபோது, கூடவே சொறியும் பரவியிருந்ததை வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளைப் பிடிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, இது வேறு. பயந்து ஒடுங்க வேண்டாம். பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிறார்கள். ஆனால் அந்த முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "சூடு, நீர் கட்டிருச்சு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் நிறையக் கொடுக்கிறோம். சிறுநீர் குறைந்த பிள்ளைக்கு அது ஆபத்து. உள்ளே போகும் நீர் தேங்கும். இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே பாதிக்கும். கருவாடு, ஊறுகாய், உப்புத் தூக்கலான சம்பல் எதுவும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு என்பதை டொக்டர் சொல்வார்.

கொடுக்கும் அன்ரிபயோட்டிக் மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்லும். தொடங்கிவிட்ட வீக்கத்தை அது நிறுத்தாது. ஆகவே சிரங்கு நிலையிலேயே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். சொறி மருந்தைப் பிள்ளைக்கு மட்டும் பூசிப் பலனில்லை. ஒரே காம்பராவில் படுக்கிற அத்தனை பேரும் ஒரே இரவில், சொறி இல்லாதவர்களும், கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும். துணி, கம்பளியைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். வெயில் இல்லாத மாதத்தில் இது பெரும்பாடு என்று எனக்கும் தெரியும்.

அந்தப் பையன் பத்தாம் நாள் வீடு திரும்பினான். கிளினிக்குக்கு இன்னும் போய்வருகிறான். கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் இரத்தம் ஒரு வருடம் வரைகூட இருக்கலாம் என்பதால், கார்டில் போட்ட திகதியெல்லாம் போக வேண்டும். ஒருநாள் பேர் போகுதே என்று தாய் கவலைப்பட்டார். இப்போது அந்த நாட்களில் பாட்டி அழைத்துப் போகிறார்.